அரசு பட்ட கடன்

சொந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் தேசத்தின் எல்லையைத் தாண்டி அந்நிய மண்ணில் அடியெடுத்து வைத்துவிட்டால், அவனுக்கு அகதி என்ற பெயரும், அந்தப் பெயரோடு 1951-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை தருகிற நிழலும் கிடைத்துவிடுகின்றன. அதே மனிதன் எல்லையைத் தாண்டாமல், தன் நாட்டுக்குள்ளேயே நூறு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பாயை விரிக்க நேர்ந்தாலோ, எந்த அரசு அவனைக் காக்கத் தவறியதோ அதே அரசின் கையிலேயே அவன் மறுபடியும் ஒப்படைக்கப்படுகிறான். சட்ட நிபுணர்கள் இதைச் சர்வதேசச் சட்டத்திலுள்ள ஓர் இடைவெளி என்பார்கள். எனக்கு இது தர்மத்தைப் பற்றிய ஒரு பழைய கேள்வியின் புதிய வடிவமாகவே படுகிறது. காக்கத் தவறியவனுடைய வாசலிலேயே வந்து நிற்க வேண்டியவனாகிவிட்ட அந்த மனிதன், அங்கே யாசகனாக நிற்கிறானா, தனக்கு வரவேண்டியதைக் கேட்கும் கடன்காரனாக நிற்கிறானா? அவன் கடன் கேட்பவன்தான் என்றால், அந்தக் கடனுக்குச் சாட்சி யார்?

இந்தக் கேள்வியை வெட்டவெளியில் வைத்து ஆராய்வதில் பயனில்லை. ஆகையால் நான் நன்கறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், இலங்கையின் வட மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்த முஸ்லிம்கள், விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டளையால் ஒரு சில நாட்களுக்குள் அடியோடு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய தொகை ஏறக்குறைய 75,000. யாழ்ப்பாண நகரத்துச் சோனகத் தெருப் பகுதியில் வாழ்ந்தவர்களை அக்டோபர் 30-ஆம் தேதி காலையில் ஒலிபெருக்கி வைத்து அழைத்து, ஓரிடத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொன்னதோடு சரி. அடுப்பில் ஏற்றியிருந்த உலையை இறக்கி வைப்பதற்கும் கடையைப் பூட்டுவதற்கும் போதாத அந்த அவகாசத்தில், குழந்தைகளையும் கிழவர்களையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சோதித்து, நகை, ரொக்கம், காணி உறுதி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெண்களின் காதில் கிடந்த தோடுகூடத் தப்பவில்லை. உடுத்திருந்த துணியும் சில நூறு ரூபாயுமே அவர்களுக்கு எஞ்சின. விரட்டப்பட்டவர்கள் அழுத மொழியும் தமிழ், விரட்டியவர்கள் ஆணையிட்ட மொழியும் தமிழ். ஆதலால் தமிழில் எழுதுகிற எவருக்கும் இந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துப் பேசும் உரிமை கிடையாது. அது ஒரு பெரும் அநியாயம். 2002-இல் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் அந்த இயக்கத்தின் தலைமையே அதைத் தவறென்று ஒப்புக்கொண்டது.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கல்பிட்டிப் பக்கத்திலும் தங்கினார்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகள் தங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் பங்கு கொடுத்து ஏற்றுக்கொண்ட வரலாறு முஸ்லிம்கள் அனைவருடைய உள்ளத்திலும் பதிந்த ஒன்று. புத்தளத்து மக்கள் அந்த முதல் மாதங்களில் அன்சாரிகளாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் அன்சாரிகளாலும் என்றென்றைக்கும் அரசாங்கத்தின் வேலையைச் செய்துகொண்டிருக்க முடியாது. வருஷங்கள் சென்றன. தென்னங்கிடுகு வேய்ந்த குடிசைகளில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். தண்ணீருக்கும், பள்ளிக்கூடத்தில் ஓர் இடத்துக்கும், உப்பளத்து நாட்கூலிக்கும் ஊராருக்கும் வந்தவருக்கும் போட்டி மூண்டது. ஒரு பத்திரத்துக்காகக் கிராம அலுவலரிடம் போனால், உங்கள் பதிவு வடக்கிலல்லவா இருக்கிறது என்று அவர் கேட்பார். செலவழித்து வடக்கே போனால், நீங்கள் இங்கே வசிக்கவில்லையே என்று அங்குள்ளவர் சொல்லுவார். இரண்டு பதிலும் அந்தந்த அலுவலகத்தின் ஏட்டின்படி சரியானவையே. இரண்டு சரியான பதில்களுக்கு நடுவில் ஒரு மனிதன் எந்த ஊருக்கும் உரியவனல்லாமல் போய்விடுகிறான்.

இங்கே ஒரு தர்க்கம் எழும். இவர்களை விரட்டியது அரசாங்கம் அன்று; அரசை எதிர்த்து நின்ற ஒரு படை. அப்படியிருக்க அரசு எவ்வாறு கடன்பட்டதாகும்? அது மனமிரங்கி அரிசியும் பருப்பும் கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் குற்றமென்ன? இந்தத் தர்க்கத்தை நம் பழைய நூல்கள் ஏற்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பிரஜையின் பொருளைத் திருடன் கொண்டுபோனால், அதை மீட்டு உடையவனிடம் கொடுப்பது அரசனின் கடமையென்றும், மீட்க முடியாவிட்டால் தன் பொக்கிஷத்திலிருந்தே அதை ஈடுசெய்ய வேண்டுமென்றும் கௌதம தர்மசூத்திரம் விதிக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் அதையே சொல்கிறது. திருடியவன் அரசனல்லன் என்பது அங்கே ஒரு சமாதானமாகவே கொள்ளப்படவில்லை. இந்த நிலம் முழுவதும் என் ஆணைக்கு உட்பட்டது என்று சொல்லி வரி வாங்குகிறவன், அந்த நிலத்தில் நேர்ந்த நஷ்டம் தன்னுடையதன்று என்று சொல்ல முடியாது என்பதே அந்த விதியின் உட்கருத்து. 1998-இல் ஐக்கிய நாடுகள் சபையின் முன் வைக்கப்பட்ட, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகள் முப்பதும் இந்த உட்கருத்தின் மீதே நிற்கின்றன. அவற்றை உருவாக்குவதில் தலைமை வகித்த பிரான்சிஸ் டெங் என்ற சூடான் தேசத்து அறிஞர், இறைமை என்பதே ஒரு பொறுப்புத்தான் என்று வாதாடியவர். கௌதமரின் சூத்திரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நேர்மையாகச் சிந்திக்கிற மனம் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் இந்த இடத்துக்கு வந்து சேரும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். தானத்தைப் பற்றிய நம்முடைய எண்ணமெல்லாம் கொடுப்பவனையே நடுவில் வைத்துச் சுழல்கிறது: அவனுடைய புண்ணியம், அவனுடைய மனவிரிவு, அவனுக்கு உண்டாகும் சித்தசுத்தி. வாங்குகிறவன் அந்தப் புண்ணியத்துக்கு ஒரு பாத்திரம் மட்டுமே. இஸ்லாத்தில் ஜகாத் என்னும் கடமை இதனின்றும் வேறுபட்டது. செல்வனுடைய பொருளில் ஏழைக்கு உரிய பங்கு அது, அதைக் கொடுக்காமல் வைத்திருப்பவன் பிறர் பொருளை வைத்திருப்பவனாகிறான். அந்தப் பங்குக்கு உரியவராகக் குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினரில் கடன்பட்டு நொந்தவரும், ஊரை விட்டு வந்து வழியில் அகப்பட்டுக்கொண்டவரும் உண்டு. சதபத பிராமணமும் தேவர், ரிஷிகள், பிதிர்கள் ஆகியோருக்குப் பட்ட கடன்களோடு, சக மனிதர்களுக்குப் பட்ட கடனையும் சேர்த்தே மனிதன் பிறக்கிறான் என்று சொல்லி, புகலிடம் கொடுப்பதும் உணவளிப்பதும் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி என்கிறது. புத்தளத்து முகாமில் உலர் உணவு அட்டையோடு வரிசையில் நிற்கும் பெண்ணை நிவாரணம் பெறுபவள் என்று எழுதிக்கொள்கிற அதிகாரி, இந்த மரபுகள் எதன்படியும் அவளைச் சரியாக எழுதவில்லை. அவள் வசூலிக்க வந்தவள்.

சரி, கடன் இருக்கிறது. கடனாளியோ அரசாங்கம், போலீசும் நீதிமன்றமும் நில அளவையும் ஏடும் எழுதுகோலும் அவன் கையில். இந்த நிலையில்தான் மனித உரிமை ஆணைக்குழு என்னும் ஸ்தாபனத்தின் பிரவேசம். 1993 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பாரிஸ் கோட்பாடுகள் எதிர்பார்ப்பது ஒரு விசித்திரமான பிறவியை: அரசின் சட்டத்தால் பிறந்து, அரசின் பணத்தால் வாழ்ந்து, ஆனாலும் அரசுக்குக் கட்டுப்படாமல் அதன் குற்றத்தை அதன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய ஒரு சபை. இலங்கை 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் ஐந்து உறுப்பினர் கொண்ட அத்தகைய ஆணைக்குழுவை அமைத்தது. அது முறைப்பாடு கேட்கலாம். முறைப்பாடே வராவிட்டாலும் தானாக விசாரணை தொடங்கலாம். தடுப்புக் காவல் இடங்களுக்குள் சென்று பார்க்கலாம். முடிவில் சிபாரிசு செய்யலாம். சிபாரிசை அதிகாரிகள் மதிக்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம், அவர் அதைப் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு கிராம அலுவலரைத் தண்டிப்பதற்கும், ஒரு ராணுவ வேலியை ஒரு கஜம் நகர்த்துவதற்கும் அதற்கு அதிகாரமில்லை.

இப்படிப்பட்ட அதிகாரமில்லாத சபையால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது சுனாமிக்குப் பிந்திய வருஷத்தை. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி இலங்கைக் கரையில் முப்பத்தையாயிரம் பேருக்கு மேல் மாண்டு, ஐந்து லட்சம் பேர் வீடிழந்து நின்றபோது, தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கரையோரத்தில் ஒரு வலயம் வகுத்து, அதற்குள் யாரும் திரும்ப வீடு கட்டக்கூடாது என்று கொழும்பில் தீர்மானம் செய்தார்கள். வலை உலர்த்தும் மணலிலிருந்து மீனவனைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் குடியேற்றினால் அவன் எப்படிப் பிழைப்பான் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. அப்போது ஆணைக்குழு ஒரு தனிப் பிரிவை அமைத்து, கரையோரக் கிராமங்களில் மக்களைக் கூட்டி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டது. கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டியவர்கள் என்று எல்லோரும் கருதியிருந்தவர்களிடம் போய் அபிப்பிராயம் கேட்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். தானம் வாங்குபவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. உரிமையுள்ளவனிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில் அவனுடைய ஸ்தானமே மாறிவிடுகிறது.

யுத்தத்தால் இடம்பெயர்ந்தோருக்காகவும் அதே ஆணைக்குழு 2002-ஐ ஒட்டி ஒரு விசேஷத் திட்டத்தைத் தொடங்கி, முகாம்களின் நிலையைக் கவனித்து வந்தது. அந்த உழைப்பின் விளைவாக 2008-இல் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரின் பாதுகாப்புக்கான ஒரு சட்டமூலத்தின் நகலும் தயாராயிற்று. எவரையும் தன்னிச்சையாகப் பெயர்க்கக்கூடாது, பெயர்ந்தவர் திரும்பிச் செல்வதோ வந்த இடத்தில் நிலைப்பதோ அவரவர் விருப்பத்தின்படியே நடக்க வேண்டும் என்ற வழிகாட்டிக் கோட்பாடுகளை நாட்டுச் சட்டமாக்குவதே அதன் நோக்கம். அந்த நகல் சட்டமாகவில்லை.

சட்டமாகாதது ஏன் என்பதை அந்த வருஷங்களின் காற்றை நினைவுபடுத்திக்கொண்டால் விளங்கும். 2006-இல், அரசியலமைப்புச் சபையின் சிபாரிசு இல்லாமலேயே ஆணைக்குழுவின் உறுப்பினர்களை ஜனாதிபதி நேரே நியமித்தார். 2007 ஜூன் 7-ஆம் தேதி விடியற்காலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அரசாங்கமே தன் பிரஜைகளைத் தலைநகரிலிருந்து பெயர்த்தெறிந்த அந்தக் காரியத்தை மறுநாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அந்த வழக்கைக் கொண்டுசென்றது ஒரு தனியார் ஆய்வு நிறுவனம். அதே ஆண்டில், நியமன முறையைக் காரணங்காட்டி, மனித உரிமை ஸ்தாபனங்களின் சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு இலங்கை ஆணைக்குழுவை 'ஏ' தரத்திலிருந்து 'பி' தரத்துக்கு இறக்கியது. பிறகு 2009 வந்தது. யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியிலிருந்து பிழைத்து வந்த 2,50,000-க்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில், முள்வேலிக்குள், தறப்பாள் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். நலன்புரி நிலையம் என்று பெயர்; அந்த ஆண்டு டிசம்பர் வரையில் அவர்கள் விருப்பம்போல வெளியே போய்வர முடியாது. தாய் ஒரு வலயத்திலும் மகள் ஒரு வலயத்திலுமாக, கம்பிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று பேசிக்கொண்டார்கள். நாடெங்கும் கேட்கும்படியாக அந்தக் கம்பியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய ஸ்தாபனத்தின் குரல் அப்போது ஓங்கி ஒலிக்கவில்லை.

வேதாந்தம் பேசும் சாட்சி ஒன்று உண்டு. அது எதிலும் ஒட்டாமல், எதனாலும் தீண்டப்படாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். அதிகாரமில்லாத ஆணைக்குழுவையும் அத்தகைய சாட்சியாக எண்ணிச் சமாதானப்பட்டுக்கொள்ள ஓர் ஆசை எழுவது இயற்கை. ஆனால் வியவகாரத்தின் சாட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. நோயில்லாத ஒருவன் கடன் வழக்கில் மூன்று பட்சங்களுக்குள் வந்து சாட்சி சொல்லாமல் இருந்துவிட்டால், அந்தக் கடன் முழுவதும் அவன் தலையிலேயே விழும் என்று மனு ஒரு விதி செய்திருக்கிறார். மனுவின் நூலில் நான் ஏற்கவியலாதவை ஏராளம். மனிதரைப் பிறப்பால் தாழ்த்தும் அவருடைய ஏற்பாட்டை முழுமையாக நிராகரிப்பவன் நான். ஆயினும் இந்த ஒரு விதியின் நியாயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கடனுக்குச் சாட்சியாக வைக்கப்பட்டவன் வாய் மூடினால், அவனுக்கும் கடனாளிக்கும் பேதமில்லாமல் போகிறது. ஆணைக்குழுவே இல்லாத நாட்டில் இடம்பெயர்ந்தவன், கேட்க ஆளில்லை என்று மட்டுமே வருந்துவான். ஆணைக்குழு இருந்தும் பேசாத நாட்டிலோ, மனித உரிமைக்கென்றே அமைத்த சபையும் குற்றம் காணவில்லை என்று அரசாங்கம் ஜெனீவாவில் எழுந்து சொல்வதற்கு அந்த மௌனமே பயன்படும்.

அரசன் தன்னைக் கடிந்து சொல்பவர்களைத் தானே தேடி அருகில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் பக்கத்துக்கும் புதிதன்று. திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இலங்கையின் அரசியலமைப்பு தன் ஒன்பதாம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருப்பதால், அந்த நாட்டு ஆட்சியாளர்களுக்கு தீக நிகாயத்தின் சக்கவத்தி சீஹநாத சூத்திரத்தை நினைவூட்டுவது பொருந்தும். தன் குடும்பத்தார், படையினர், நகரத்தார், நாட்டுப்புறத்தார் ஆகியோருக்கு மாத்திரமின்றி மிருகங்களுக்கும் பறவைகளுக்கும்கூடத் தர்மத்தின்படி காவல் அளிக்க வேண்டும் என்பதும், அவ்வப்போது துறவிகளிடம் தானே சென்று எது நன்மை, எது தீமை என்று கேட்டு நடக்க வேண்டும் என்பதும் சக்கரவர்த்தியின் கடமைகளாக அங்கே சொல்லப்படுகின்றன. பின்வந்த ஓர் அரசன் காவல் மட்டும் கொடுத்துவிட்டு, பொருளற்றவர்களுக்குப் பொருள் கொடாமல் விட்டான். அந்த ஒரு குறையிலிருந்து வறுமையும், வறுமையிலிருந்து களவும், களவிலிருந்து கொலையும் படிப்படியாகப் பெருகின என்பது அந்தச் சூத்திரம் கூறும் கதை. பறவைக்கும் காவல் சொன்ன ஒரு மரபை முதன்மையில் வைத்த நாட்டில், சோனகத் தெருவின் தையற்காரனும் வன்னியின் விவசாயியும் காவலுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

காலம் செல்லச் செல்ல இந்தக் கடன் தானாக மங்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சட்டமே அவர்களுக்கு வெகுநாள் உதவியும் செய்தது. இலங்கையில் ஒருவன் பிறர் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி ஆண்டு அனுபவித்தால் அது அவனுக்கே உரித்தாகும் என்பது ஆட்சியுரிமைச் சட்டத்தின் பொதுவிதி. துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டவன் வந்து தடுக்க முடியாத அந்தப் பத்து ஆண்டும், தடுக்காமல் சும்மா இருந்தவனுடைய பத்து ஆண்டும் ஏட்டில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. 2016-இல்தான் ஒரு விசேஷச் சட்டம் செய்து, 1983 மே முதல் 2009 மே வரையில் ஆயுதக் குழுக்களின் செயலால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவனுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றார்கள். நல்ல சட்டம்; வெகு தாமதமாக வந்த சட்டம். இதற்கிடையில் அதிகாரிகள் இடம்பெயர்ந்தோரைப் பழையவர், புதியவர் என்று இரண்டாகப் பிரித்து, 2008 ஏப்ரலுக்குப் பின் பெயர்ந்தவர்களுக்கே மீள்குடியேற்றத்தில் முதலிடம் கொடுத்தார்கள். வன்னியிலிருந்து வந்தவர்களின் துயரம் கண்முன் எரிந்துகொண்டிருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீண்ட காலம் காத்திருந்தவனைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு அவன் நீண்ட காலம் காத்திருந்ததே காரணமாயிற்று. வட்டியோடு பெருகியிருக்க வேண்டிய கடன், ஏட்டில் தேய்ந்துவிட்டது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்காக 1990-ஐ ஒட்டி வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதிதான். அங்கே காணியை வைத்திருந்தது அரசாங்கத்தின் படையே என்பதால், கடனாளி யார் என்ற கேள்விக்குக்கூட இடமில்லை.

சாட்சி இங்கேதான் உண்மையில் தேவைப்படுகிறது. வழக்கு நடக்கும் நாளில் வந்து நிற்க வக்கீல்கள் இருக்கிறார்கள். யாரும் வழக்குப் போடாத இருபது முப்பது ஆண்டுகளில், இன்னாருக்கு இன்ன ஊரில் இன்ன காணி இருந்தது, இன்ன தேதியில் இன்னாரால் பறிக்கப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை என்று எழுதி வைத்து, ஆண்டுதோறும் அதைப் பாராளுமன்றத்தின் மேஜையில் கொண்டுபோய் வைக்கக் கூடியது ஆணைக்குழு ஒன்றுதான். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றிய முழு விசாரணையை ஒரு தனியார் சட்ட அமைப்பு, குடிமக்கள் ஆணைக்குழு ஒன்றை அமைத்து நடத்தி, 2011-இல் அறிக்கையாக வெளியிட்டது. அந்தக் குடிமக்களுக்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்கிறோம். அது அரசு பட்ட கடன் என்றால், அதை எழுதி வைக்கும் வேலை அரசே அமைத்த சாட்சியைச் சேர்ந்ததாகும்.

2018-இல் இலங்கை ஆணைக்குழு தன் 'ஏ' தரத்தைத் திரும்பப் பெற்றது. 2008-இன் சட்டமூல நகல் அதனுடைய சொந்த உழைப்பில் உருவானது. முறைப்பாடு வரும்வரை காத்திராமல் தானாகவே விசாரணை தொடங்கும் அதிகாரமும் அதன் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. புத்தளத்தில் இன்னும் இருப்பவர்களில் முதிர்ந்தவர்களுக்கு, எந்த வேலியில் எந்த மரம் நின்றது, அடுத்த காணி யாருடையது, கிணறு யாரோடு பங்கு என்பதெல்லாம் மனப்பாடம். உறுதி தொலைந்த காணிக்கு அவர்களுடைய வாக்குமூலமே ஆதாரம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த ஊர் தெரியாது. அந்த முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே ஆணைக்குழுவின் எழுத்தர்கள் கல்பிட்டிப் பக்கம் போய், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.